நாணயமாற்று வீதமும் இந்திய மென்பொருட் கைத்தொழிலும்

ஒரு நாட்டு நாணயம் பிறிதொரு நாட்டு நாணயத்துக்கு எவ்விகிதத்தில் மாற்றப்படுகின்றதோ அவ்விகிதமே நாணயமாற்று வீதம் எனப்படும். பொருளியலார் இதனையும் ஒரு விலை என்றே கொள்வர். அரிசிக்கும் துணிக்கும் விலை உள்ளவாறே டொலருக்கும் பவுணுக்கும் விலை உண்டு. ஆயினும், ஏனைய விலைகளுக்கு இல்லாத ஓர் இயல்பு இதற்கு உண்டு. துணியின் விலை ஏறின் துணியை விற்பவனும் வாங்குபவனுமே முதலிற் பாதிக்கப்படுவர். டொலரின் விலை ஏறினோ, டொலரைக் கண்ணாலும் கண்டறியாத ஒருவனது வேதனமும் அவன் அடுப்பெரிக்கும் எரிபொருளின் விலையும் ஒருங்கே மாறிவிடுகின்றன.

பிறநாட்டார் ஒப்படைக்கும் வேலையைச் செய்து கொடுத்து வாழும் ஒரு கைத்தொழில் இவ்விலைக்கு எங்ஙனம் ஆட்படுகின்றது என்பதற்கு இந்தியாவின் மென்பொருட் கைத்தொழிலினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. 2023-24ஆம் நிதியாண்டில் அக்கைத்தொழிலின் ஏற்றுமதி வருவாய் ஏறத்தாழ 20,000 கோடி டொலராக இருந்தது. அதனை நம்பி வேலை பார்ப்போர் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். வருவாயிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி ஐக்கிய அமெரிக்காவிலிருந்தும், எஞ்சியதில் மிகுதி பிரித்தானியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகின்றது. செலவின் பெரும்பகுதியோ பெங்களூரிலும் ஐதராபாத்திலும் சென்னையிலும் பூனாவிலும் ரூபாவிலேயே நிகழ்கின்றது. வரவு ஒரு நாணயத்திலும் செலவு வேறொரு நாணயத்திலும் அமைந்தமையே இக்கைத்தொழிலின் வன்மைக்கும் மென்மைக்கும் காரணமாகும்.

இலங்கை வாசகர்க்குப் பழக்கமான தேயிலையோடு ஒப்பிட்டு நோக்கின் இது நன்கு விளங்கும். ரூபாவின் பெறுமதி இறங்குமிடத்துத் தோட்டக் கம்பனிக்கு ஒவ்வொரு டொலருக்கும் கூடுதலான ரூபா கிடைப்பது உண்மையே. ஆயின் உரமும் எரிபொருளும் இயந்திர உறுப்புக்களும் இறக்குமதியாவன. அவற்றின் விலையும் உடன் ஏறுதலின் இலாபத்தின் ஒரு கூறு அங்கே கரைந்துவிடும். மென்பொருளுக்கு உரமும் இல்லை, கொழுந்தும் இல்லை. அதன் மூலப்பொருள் பட்டதாரியின் உழைப்பு ஒன்றே. கணினிகளும் தொடர்புச் சாதனங்களும் இறக்குமதியாவனவே எனினும், மொத்தச் செலவில் அவற்றின் பங்கு சிறிது. ஆகவே டொலரின் ஏற்ற இறக்கம் இடையில் எங்கும் தடைப்படாது நேரே இலாபக் கணக்கிற் சென்று விழுகின்றது.

இக்கைத்தொழிலின் பிறப்பே அந்நியச் செலாவணிப் பஞ்சத்தோடு தொடர்புடையது. 1966ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இந்திய ரூபாவின் பெறுமதி இறக்கப்பட்டு, டொலர் ஒன்று 4.76 ரூபாவிலிருந்து 7.50 ரூபாவாயிற்று. அதன் பின்னும் செலாவணி தாராளமாகக் கிடைக்கவில்லை. டாட்டா நிறுவனத்தார் 1968இல் மும்பாயில் தொடங்கிய கன்சல்டன்சி சேர்விசஸ் போன்ற கம்பனிகள் பெருங் கணினி ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க விரும்பின், அதன் விலைக்கு மேற்பட்ட செலாவணியை மென்பொருள் ஏற்றுமதியால் ஈட்டித் தரவேண்டும் என அரசாங்கம் நிபந்தனை விதித்தது. கணினி வாங்குவதற்குக் கடனாக ஒப்புக்கொண்ட ஏற்றுமதியே பிற்காலத்திற் பெருந் தொழிலாக வளர்ந்தது. தொடக்கத்தில் ஏற்றுமதியானது மென்பொருள் என்பதிலும் பொறியியலாளர் என்பதே பொருந்தும். அவர்கள் அமெரிக்கக் கம்பனிகளின் அலுவலகங்களுக்கே அனுப்பப்பட்டனர். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி பெங்களூரில் ஒரு நிலையத்தை நிறுவிச் செய்மதித் தொடர்பு மூலம் தலைமையகத்தோடு இணைத்தபொழுது, ஆளை அனுப்பாமல் வேலையை மாத்திரம் அனுப்பலாம் என்பது புலனாயிற்று.

1991 இந்தியப் பொருளாதார வரலாற்றில் ஒரு திருப்பம். இறக்குமதிக்குச் சில வாரங்களுக்கே போதுமான செலாவணி கையிருந்த நிலையில், பொன்னை வெளிநாட்டு வங்கிகளில் ஈடுவைத்துக் கடன் பெறவேண்டியதாயிற்று. அவ்வாண்டு யூலை 1ஆம் 3ஆம் தேதிகளில் ரூபாவின் பெறுமதி இரு படியாக இறக்கப்பட்டு, 21 ரூபாவாக இருந்த டொலர் ஏறத்தாழ 26 ரூபாவாயிற்று. 1993 மார்ச்சு மாதத்தில் வீதத்தைச் சந்தையே நிர்ணயிக்கும் முறை வந்தபொழுது டொலர் 31 ரூபாவை எட்டியது. அதே காலத்தில் மென்பொருட் பூங்காக்கள் நிறுவப்பட்டன. ஏற்றுமதி இலாபத்துக்கு வரி விலக்கும் இருந்தது. இரண்டாயிரமாம் ஆண்டுக் கணினிக் கோளாற்றைத் திருத்தும் வேலை மேலைநாடுகளிற் குவிந்த காலையில், குறைந்த கூலிக்கு ஆங்கிலமறிந்த பொறியியலாளரைத் தரக்கூடிய நாடாக இந்தியா ஆயத்தமாக நின்றது. திறமையாலேயே இவ்வெற்றி வந்தது என்பாரும், மலிவாலேயே வந்தது என்பாரும் உளர். திறமை இன்றி வேலை நிலைத்திராது. மலிவு இன்றி அது முதலில் வந்தே இராது.

வீதத்தின் செயலை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு கம்பனிக்கு 100 டொலர் வருவாய் உண்டெனக் கொள்க. அதில் 25 டொலர், அமெரிக்காவில் வாடிக்கையாளர் இடத்திலேயே இருந்து பணிபுரியும் ஊழியர்க்கு அங்கேயே செலவாகின்றது. இந்தியாவில் 2,200 ரூபா செலவு. டொலர் 44 ரூபாவாயின் வருவாய் 4,400 ரூபா. வெளிநாட்டுச் செலவு 1,100 ரூபா. உள்நாட்டுச் செலவு 2,200 ரூபா. இலாபம் 1,100 ரூபா, அஃதாவது வருவாயில் 25 சதவீதம். இனி டொலர் 40 ரூபாவாக இறங்குகின்றது. வருவாய் 4,000, வெளிநாட்டுச் செலவும் உடன் இறங்கி 1,000, உள்நாட்டுச் செலவு மாறாமல் 2,200. இலாபம் 800 ரூபா. டொலரின் விலை 9 சதவீதம் இறங்க, இலாபம் 27 சதவீதம் இறங்கிவிட்டது. வேலையிற் குறையொன்றுமில்லை; வாடிக்கையாளர் ஒருவரும் நீங்கவில்லை; ஊழியர் முன்போலவே உழைத்தனர். இலாபத்தின் நான்கில் ஒன்றுக்கு மேல் அந்நியச் செலாவணிச் சந்தையில் மறைந்துவிட்டது.

இக்கணக்கில் இன்னொன்றும் அடங்கியுள்ளது. வெளிநாட்டிற் செலவாகும் பகுதி மிகுந்தால், வீத மாற்றத்தின் தாக்கம் குறையும். அப்பகுதி குறைந்தால் தாக்கம் மிகும். வேலையை இந்தியாவுக்கே கொண்டுவந்து செய்யும் முறை சாதாரண காலத்தில் மிகுந்த இலாபம் தருவது. அதுவே கம்பனியை ரூபாவின் ஏற்றத்துக்கு மிகுதியும் ஆட்படுத்துவதுமாம். ஒரு பொறியியலாளர் எந்நகரத்தில் இருந்து வேலை செய்கின்றார் என்பது வீசா விதிகளை மட்டுமன்றி இக்கணக்கையும் பொறுத்ததாகும்.

மேலே காட்டிய 44, 40 என்னும் எண்கள் கற்பனையல்ல. 2007இன் தொடக்கத்தில் டொலர் 44 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் 40க்குங் கீழே சென்றது. இந்தியாவின் வளர்ச்சியைக் கண்டு வெளிநாட்டு மூலதனம் வெள்ளம்போல் வந்தமையே காரணம். 2007-08ஆம் ஆண்டில் இந்திய றிசேவ் வங்கி ஏறத்தாழ 7,800 கோடி டொலரை வாங்கிச் சேர்த்தும் ரூபாவின் ஏற்றத்தை மட்டுப்படுத்த முடிந்ததேயன்றி நிறுத்த முடியவில்லை. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர் இவ்வேற்றத்தால் மிகவும் நலிந்தனர். அவர்களது இலாபம் முன்னரே மிகச் சிறிது. மென்பொருட் கம்பனிகளிடம் தேய்வதற்கு இலாபம் இருந்தது. அத்தேய்வைத் தாங்க அவை மேற்கொண்ட வழிகளே அக்கைத்தொழிலின் உருவை மாற்றின. வேலை ஒதுக்கப்படாது காத்திருக்கும் ஊழியரின் எண்ணிக்கையைக் குறைத்தன. அனுபவம் மிக்கோர்க்குப் பதிலாகக் கல்லூரியிலிருந்து அப்பொழுதே வெளிவந்தோரை மிகுதியாகச் சேர்த்தன. மணிக் கணக்கிற் கூலி பெறுதலை விடுத்து, முடித்த வேலைக்கு ஒட்டுமொத்த விலை பேசும் ஒப்பந்தங்களை நாடின. ரூபா இறங்கிக்கொண்டிருந்த பல ஆண்டுகளிற் பேசப்பட்டும் செய்யப்படாத சீர்திருத்தங்கள் பல, அது ஏறிய ஒரே ஆண்டில் அவசரமாகச் செய்யப்பட்டன.

அதே காலத்திற் பிலிப்பைன்ஸ் நாட்டின் பெசோவும் ஏறியது. 2005 அளவில் டொலருக்கு 55 பெசோ என்றிருந்தது 2007 இறுதியில் ஏறத்தாழ 41 ஆயிற்று. தொலைபேசி மூலம் வாடிக்கையாளர்க்கு விடையளிக்கும் தொழிலில் இந்தியாவின் போட்டி நாடு அதுவே. அங்கே நாணயம் இவ்வளவு ஏறியும் அத்தொழில் தளரவில்லை. சில ஆண்டுகளில் அத்துறையில் இந்தியாவை விஞ்சவுஞ் செய்தது. அமெரிக்கரின் பேச்சு வழக்கோடு நெருங்கிய ஆங்கிலமும் அந்நாட்டுப் பண்பாட்டுப் பழக்கமும் அங்கே வீதத்தினும் மேலான பயன் தந்தன. வீதம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்போர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

வீத மாற்றத்தின் இடரைத் தாங்குதற்குக் கம்பனிகள் கைக்கொள்ளும் முறை முன்னோக்கிய ஒப்பந்தமாகும். ஆறு மாதத்தின் பின் கைக்கு வரவிருக்கும் டொலரை இன்றே ஒரு குறித்த விலைக்கு வங்கிக்கு விற்றுவிடுதல் அதன் சாரம். இந்தியாவில் வட்டி வீதம் அமெரிக்காவினும் பெரும்பாலும் உயர்ந்திருத்தலின், முன்னோக்கிய டொலரின் விலை அன்றைய விலையினுஞ் சற்றுக் கூடியிருப்பது வழக்கம். ஆகவே ஏற்றுமதியாளர்க்கு இஃது ஓரளவு ஊதியமும் தருவது. கமக்காரன் அறுவடைக்கு முன்னரே நெல்லுக்கு விலை பேசிக்கொள்வது போன்றதே இது. விளைந்தபின் விலை குறைந்தால் அவன் தப்பினான். கூடினாலோ கூடிய பயன் அவனுக்கில்லை.

2008இன் தொடக்கத்தில் டொலர் 35 ரூபாவுக்கும் இறங்கும் என்ற அச்சம் எங்கும் பரவியிருந்தது. பெருங் கம்பனிகள் சில, சில மாதங்களுக்கு உரிய டொலரை மாத்திரமன்றி ஆண்டுக்கணக்கில் வரவிருந்த டொலரையும் 40 ரூபாவை ஒட்டிய விலைகளில் முன்னரே விற்றுவிட்டன. அவ்வாண்டுச் செப்டெம்பரில் அமெரிக்க நிதி நெருக்கடி முற்றியது. வெளிநாட்டு மூலதனம் வந்த வழியே திரும்பியது. 2009 மார்ச்சில் டொலர் 50 ரூபாவைக் கடந்தது. பத்து இலட்சம் டொலரை 40 ரூபாவுக்கு விற்றிருந்த கம்பனி 4 கோடி ரூபா பெற்றது. காத்திருந்த கம்பனி 5 கோடி பெற்றது. காப்புக்காகச் செய்த ஒப்பந்தமே நட்டமாக ஏட்டில் எழுதப்பட்டது. அதனினுங் கொடியது, அந்நெருக்கடியில் வாடிக்கையாளர் சிலர் வேலைகளை நிறுத்தியமையால், விற்ற டொலரிற் சில வராமலே போகக்கூடிய நிலையும் தோன்றியமையாகும். இதன் பின் பல கம்பனிகள் ஓரிரு காலாண்டுக்கு மேல் முன்விற்பனை செய்வதில்லை என்று தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டன.

ரூபா வீழும் காலம் இக்கைத்தொழிலுக்கு நற்காலம் என்பது பொதுவான கருத்து. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க மத்திய வங்கி தன் பணப் பெருக்கத்தைக் குறைக்கக்கூடும் என்ற செய்தி வெளியானதும், ஏறத்தாழ 55 ரூபாவாக இருந்த டொலர் ஓகத்து 28இல் 68 ரூபாவையுந் தாண்டியது. பங்குச் சந்தையில் ஏனைய கைத்தொழில்கள் சரிய, மென்பொருட் கம்பனிகளின் பங்குகள் ஏறின. பின்னர் 2018இல் டொலர் 74 ரூபாவையும், 2022இல் 80 ரூபாவையும் தொட்டது. இவ்வளவு நீண்ட வீழ்ச்சியால் இலாப வீதம் ஆண்டுதோறும் உயர்ந்திருத்தல் வேண்டுமன்றோ? பெருங் கம்பனிகளின் கணக்குகளை நோக்கின் அங்ஙனம் நிகழவில்லை. வந்த பயன் எங்கே சென்றது என்பதே இப்பொருளில் முதன்மையாக ஆராயவேண்டிய வினாவாகும்.

ஒரு பகுதி வாடிக்கையாளரிடம் சென்றது. ஒப்பந்தங்கள் பொதுவாக மூன்று முதல் ஐந்தாண்டு வரை டொலரில் எழுதப்படுவன. ரூபா வீழ்ந்த உடனே பயன் இந்தியக் கம்பனிக்கு உரியது. ஆயின் நியூயோர்க்கில் இருக்கும் வங்கியும் நாளிதழில் அதே வீதத்தைப் படிக்கின்றது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வேளையில் அது விலைக் குறைப்புக் கேட்கும். போட்டியிடும் இந்தியக் கம்பனிகள் அனைத்துக்கும் அதே பயன் கிடைத்திருத்தலின் ஒன்றேனும் அக்குறைப்பை வழங்கிவிடும். பின்னர் ஏனையவும் வழங்கும். தனக்கு மாத்திரம் கிடைத்த மலிவைக் கையில் வைத்திருக்கலாம். எல்லார்க்கும் கிடைத்த மலிவு வாங்குவோனையே சேரும்.

மற்றொரு பகுதி உள்நாட்டு விலைவாசியிற் கரைந்தது. இந்தியாவிற் பணவீக்கம் அமெரிக்காவினும் நெடுங்காலம் மிகுந்திருந்தது. ஆதலின் ரூபாவின் பெயரளவான வீழ்ச்சியிற் பெரும்பகுதி அவ்வேறுபாட்டை ஈடுசெய்தற்கே போதியதாயிற்று. இரு நாட்டு விலைவாசியையும் சேர்த்துக் கணக்கிடும் மெய் நாணயமாற்று வீதமே போட்டித்திறனைக் காட்டுவது. பத்திரிகையின் முதற்பக்கத்தில் வரும் வீதத்தைக் கண்டு மகிழ்வோரும் வருந்துவோரும் இதனை மறந்துவிடுகின்றனர்.

எஞ்சிய பகுதிக்குரிய கணக்கு ஊழியரின் ஏட்டில் உள்ளது. 2010 அளவிற் பெருங் கம்பனி ஒன்றிற் சேரும் புதிய பொறியியற் பட்டதாரி ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றேகால் இலட்சம் ரூபா பெற்றார். 2023 அளவிலும் தொடக்க வேதனம் மூன்றரை இலட்சத்தை ஒட்டியே நின்றது. டொலருக்கு 45 ரூபா என்ற பழைய வீதத்தில் முன்னையது 7,200 டொலர். 83 ரூபா என்ற பிந்திய வீதத்திற் பின்னையது 4,200 டொலர். அஃதாவது வாடிக்கையாளரின் நாணயத்தில் நோக்கின், புதிய பட்டதாரியின் உழைப்பு நூற்றுக்கு நாற்பது பங்கு மலிந்துவிட்டது. அவர் நாட்டு விலைவாசியோ அப்பதின்மூன்று ஆண்டுகளில் இரட்டிப்பினும் மேலாக உயர்ந்தது. ஒருவருடைய வேதனத்தையும் கம்பனி குறைக்கவில்லை. குறைத்திருப்பின் கூக்குரல் எழுந்திருக்கும். வேதனத்தை நிறுத்திவைத்து வீதத்தை ஓடவிட்டமையால் அவ்வேலை ஓசையின்றி முடிந்தது. பட்டதாரிகளின் தொகை தேவையினும் மிகுந்திருந்தமை இதற்குத் துணையாயிற்று. வீதம் மாத்திரம் குற்றவாளி எனக் கூறுதல் முறையாகாது. எனினும் டொலருக்கு ரூபா கூடக்கூட, ஒரு மணி உழைப்பாற் கிடைப்பதைக் கூட்டவேண்டும் என்ற நெருக்கடி முதலாளிக்குக் குறைந்தது. புதிய பொருளொன்றை ஆக்கி உலகுக்கு விற்பதிலும், அதே வேலையை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் டொலர் விலைக்குச் செய்து, ரூபா வருவாய் கூடியதாக ஏட்டிற் காட்டுதல் எளிது. 2007இல் விழித்த கைத்தொழில் 2013இன் பின் மீண்டும் கண்ணயர்ந்தது எனிற் பெரும்பாலும் பிழையாகாது.

அண்மைக்காலத்தில் இவ்வமைப்பில் ஒரு புதிய கூறு தோன்றியுள்ளது. வெளிநாட்டுக் கம்பனிகள் இந்தியக் கம்பனிகளிடம் வேலையை ஒப்படையாது, பெங்களூர், ஐதராபாத்து முதலிய நகரங்களிற் சொந்த நிலையங்களை நிறுவித் தாமே பொறியியலாளரை அமர்த்துகின்றன. 2024 அளவில் இத்தகைய நிலையங்கள் 1,700க்கு மேற்பட்டிருந்தன. இவற்றுக்கு ரூபா என்பது செலவு நாணயம் மாத்திரமே. ரூபா வீழின் அதன் பயன் ஒப்பந்தப் புதுப்பிப்புவரை காத்திராது அன்றைக்கே தலைமையகத்தின் கணக்கைச் சேர்ந்துவிடும். இடையில் நிற்கும் இந்தியக் கம்பனிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ஊழியர்க்கு இந்நிலையங்கள் பெரும்பாலுங் கூடிய வேதனம் தருகின்றன என்பதையும் உடன் கூறல் வேண்டும்.

டொலரை மாத்திரம் நோக்குதலும் போதாது. 2016 யூன் மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகப் பிரித்தானிய மக்கள் வாக்களித்தபொழுது, நூறு ரூபாவை ஒட்டியிருந்த பவுண் சில மாதங்களில் 85 ரூபாவுக்குங் கீழே இறங்கியது. இலண்டன் வங்கிகளுக்கும் காப்புறுதிக் கம்பனிகளுக்கும் வேலை செய்தோர் டொலரின் ஏற்றத்தாற் பெற்றதைப் பவுணில் இழந்தனர். இந்தியக் கம்பனிகள் தம் காலாண்டு அறிக்கைகளில் மாறா நாணயக் கணக்கு என்று ஒன்றைத் தனியே வெளியிடுவது, வீத மாற்றத்தால் வந்த வளர்ச்சியையும் வேலையால் வந்த வளர்ச்சியையும் பிரித்தறிதற் பொருட்டேயாம். முதலீட்டாளர் அதனையே முதலிற் பார்க்கின்றனர்.

கைத்தொழில் வீதத்துக்கு ஆட்படுவதுபோல வீதமும் கைத்தொழிலுக்கு ஆட்படுகின்றது. இந்தியா தனக்கு வேண்டிய கனிய எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கை இறக்குமதி செய்கின்றது. பொன்னும் பெருந்தொகையாக வருகின்றது. இவற்றால் விளையும் பற்றாக்குறையை ஈடுசெய்யும் வருவாய்களில் மென்பொருள் ஏற்றுமதியும், வெளிநாட்டு இந்தியர் அனுப்பும் பணமும் முதன்மையானவை. மென்பொருள் மிகுதியாக விற்பனையாகும்பொழுது டொலர் பெருகி ரூபா வலுப்பெறும். வலுப்பெற்ற ரூபா மென்பொருட் கம்பனியின் இலாபத்தைக் குறைக்கும். எண்ணெய் விலை ஏறும்பொழுது ரூபா வீழும். கம்பனிக்கு இலாபம் கூடும், அதன் ஊழியர் அலுவலகம் செல்லும் வண்டிக்கு எரிபொருட் செலவுங் கூடும்.

வீழ்ச்சி மிக விரைவாயின் யாது நிகழும் என்பதற்கு இந்தியாவில் எடுத்துக்காட்டு இல்லை, இலங்கையில் உண்டு. 2022 மார்ச்சில் நாணயமாற்று வீதம் தளர்த்தப்படுமுன் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவை அண்மியது. கொழும்பில் வெளிநாட்டார்க்கு மென்பொருள் செய்து டொலர் ஈட்டிய கம்பனிகளுக்குக் கணக்கின்படி இது பேரிலாபம் தரவேண்டிய காலம். ஆயின் ரூபாவில் வேதனம் பெற்ற பொறியியலாளர், தம் சம்பளத்தின் டொலர்ப் பெறுமதி இரு மாதங்களில் ஏறக்குறையப் பாதியாகியதையும், அத்துடன் உணவும் எரிபொருளும் அருமையாகியதையும் கண்டனர். அவர்கள் தொழில் எந்நாட்டிலும் விலைபோவது. பலர் நாட்டை விட்டகன்றனர். எஞ்சியோரை நிறுத்திவைத்தற்காகக் கம்பனிகள் சில, வேதனத்தின் ஒரு பகுதியை டொலரின் வீதத்தோடு இணைத்து வழங்கத் தலைப்பட்டன. அங்ஙனம் இணைத்தமையால் வீழ்ச்சி தந்த இலாபத்தின் ஒரு பங்கு வேதனமாகத் திரும்பிச் சென்றது. இந்தியாவிற் பதின்மூன்று ஆண்டுகளாக ஒருவருங் கேளாத அப்பங்கைக் கொழும்பில் ஊழியர் சில மாதங்களிற் கேட்டுப் பெற்றனர். வீழ்ச்சியின் வேகமே அவர்கள் கண்ணைத் திறந்தது.